மேனேஜரின் தீனிப்பை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பொய் சொல்ல வசதியாக இருக்கும்.

இந்தக் கதை எனக்குக் கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பூனை மாடிக் கதவிடுக்கில் வாலைக் கொடுத்துவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதைக் கூடையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பெஞ்சில் இந்த ஓரம் ஓர் ஆள், அந்த ஓரம் ஒரு அம்மா, நடுவில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம். காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். அது காலி இடம் இல்லை, எல்லைக்கோடு என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தம்மா மடியில் பழைய துண்டு சுற்றிய கோழி ஒன்று. பழுப்பு நிறம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நமக்கெதற்கு வம்பு என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"மேனேஜர்," என்றார் அந்தம்மா, கோழியைப் பார்த்து. "எந்த நம்பர் போயிட்டிருக்குன்னு உங்கப்பாவைக் கேட்டுச் சொல்லு."

இந்த ஓரத்து ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மேனேஜர், கேட்டாச்சு. நமக்கு முன்னாடி ரெண்டு நாய் இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"இந்தப் பூனை நமக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேளு."

நான் இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். பிறகு குனிந்து, "பின்னாடிதான்," என்று கோழியிடம் சொன்னேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த பெஞ்சில் அதுதான் நடைமுறை. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவின் போன் அடித்தது. எடுத்த எடுப்பில், "வணக்கம், எந்த வார்டுங்க?" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "நீயாடா? சொல்லு," என்று எழுந்து வாசல் பக்கம் போனார். போகும்போது கோழியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் புருஷனிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. தன் சட்டைப் பையில் குத்தியிருந்த கரண்ட் டெஸ்டரைத் திருகிக்கொண்டே, ஒரு விரலை மட்டும் நீட்டி, என் மடியில் இருந்த கோழியின் தலையைத் தடவினான். கோழியின் கழுத்துக்குக் கீழே ஒரு பந்து புடைத்துக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து புளித்துப்போன மாவு வாடை வந்தது.

பிறகு அவர்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சொந்தச் சரக்கு.

(ஓர் அடிக்குறிப்பு, அடிக்குப் போகச் சோம்பேறித்தனமாக இருப்பதால் இங்கேயே: ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கனமான கதை ஒன்று கேட்டிருந்தார். இதைத்தான் அனுப்பப்போகிறேன். கனமாகத்தான் இருந்தது. என் மடியில்தானே வைத்தார்கள்.)

2

ஆரம்பம், முதல் முயற்சி:

"அந்த வீட்டில் மௌனம் ஒரு—"

மௌனம் என்று ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன். அடித்தாச்சு.

இரண்டாவது முயற்சி:

"பறவைகளின் செரிமான மண்டலத்தில் தீனிப்பை என்பது—"

பாடப்புத்தகம். ஆனால் விஷயம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டுமே, என்ன செய்ய? அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுகிறேன். (கோழி தின்பது நேரே வயிற்றுக்குப் போகாது. கழுத்துக்குக் கீழே ஒரு பை இருக்கிறது. தின்றதையெல்லாம் முதலில் அதில் போட்டு வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே அனுப்பும். கீழே பல் கிடையாது, அதனால் அங்கே தீனியை அரைக்க மண்ணும் பொடிக்கல்லும் சேர்த்துப் பொறுக்கிக்கொள்ளும். விடிந்ததும் தொட்டால் பை தட்டையாக இருக்க வேண்டும். அப்போதும் உருண்டையாக இருந்தால் அடைப்பு. உள்ளே கிடப்பது புளித்துப்போகும். சும்மா விட்டால் கோழி செத்துப்போகும். அறிவியல் முடிந்தது.)

மூன்றாவது முயற்சி:

"மெக்கானிக் தன் சொந்தப் பெண்டாட்டியின் குரலைத் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்."

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

3

அவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன். அந்த டெஸ்டரும், சட்டை முதுகில் தைத்திருந்த 'சர்வீஸ்' என்ற எழுத்தும் சாட்சி. அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். 'எந்த வார்டுங்க' சாட்சி. பெயர்கள் எனக்குத் தெரியாது. மெக்கானிக், ஆபரேட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

(புருஷனை 'அவன்' என்றும் மனைவியை 'அவர்' என்றும் எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு 'அவர்' போட்டால் யார் எவர் என்று நீங்கள் திணறுவீர்கள். ஒருவருக்குத்தான் மரியாதை கொடுக்க முடியும் என்றால் அவருக்குத்தான். ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

கோழிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது அவர்கள் மகன். யார் என்ன வேலை செய்தாலும் பின்னாலேயே நடந்து வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும், தான் ஒரு வேலையும் செய்யாது, எப்போதாவது ஒரு முட்டையை வைத்துவிட்டு வீடே அதிரக் கொக்கரிக்கும். அதனால் அந்தப் பெயர். மகன் இருந்தவரை, இவர்கள் சண்டை போட்டால் தூது அவன்தான். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாகிட்ட பசிக்கலைன்னு சொல்லு." பிறகு அவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அடுத்த சண்டை வந்தபோது பதவி காலியாகக் கிடந்தது. மேனேஜருக்குக் கூடுதல் பொறுப்பாக அதுவும் போய்ச் சேர்ந்தது.

சரி, சண்டை எதற்கு?

காரணம் ஒன்று: இன்னொரு பெண்— அடித்தாச்சு. அவன் மூஞ்சியை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த மூஞ்சிக்கு ஒரு பெண் கிடைத்ததே பெரிய விஷயம்.

காரணம் இரண்டு: இடம், பத்திரம், பாகப்பிரி— எனக்கே கொட்டாவி வருகிறது.

காரணம் மூன்று: அவருடைய அண்ணன் வீட்டு விருந்து. சொந்தக்காரர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேட்டர் ஆஸ்பத்திரியில் நடந்த ஏதோ ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே பரிமாறுகிறார். அண்ணன்காரர் மெக்கானிக்கைப் பார்த்து, "என்ன மாப்ள, வீட்லயும் இப்படித்தானா?" என்கிறார். மெக்கானிக்குக்குக் குஷி வந்துவிடுகிறது. "அதை ஏன் கேக்கறீங்க மச்சான். ஆஸ்பத்திரியில இவ பேசறதுக்குச் சம்பளம் தர்றாங்க. வீட்ல நிறுத்தறதுக்கு யாராவது தந்தா நான் பாதி வாங்கிக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் புரையேறச் சிரித்தார். ஆபரேட்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "சரி," என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை இல்லை.

இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்பவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். விடிந்தால் அடைந்தால் அடுத்தவர் பதற்றத்தைக் காதில் வாங்கி, "இருங்க, லைன் தர்றேன்" என்று கைமாற்றிவிடுகிற வேலை. அவரிடம் பேசுவதற்காக யாரும் அங்கே போன் செய்வதில்லை. அவர் தன் சொந்தப் பேச்சைப் பேசுகிற ஒரே இடம் வீடு. அதைத்தான் அவன் ஊர் சிரிக்க வைத்துவிட்டான். அவருக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

4

முதல் இரண்டு நாள் மெக்கானிக் ஜாலியாகத்தான் இருந்தான். "வீடு கோயில் மாதிரி இருக்குடா," என்று கடையில் சொல்லிக்கொண்டான். பிறகு வீடு நிஜமாகவே அமைதியாகிவிட்டது. சாப்பாடு மேஜைக்கு வரும், தண்ணீர் வரும், துவைத்த சட்டை மடித்து வரும். "என்னங்க" மட்டும் வராது. அந்த 'என்னங்க'வுக்குப் பின்னால் வழக்கமாக இருபது நிமிஷம் எதையாவது கேட்க வேண்டியிருக்கும். அவன் அதற்கு ஏங்க ஆரம்பித்துவிட்டான். ரிப்பேருக்கு வந்த மெஷின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, துணியே போடாமல் ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்கலாம்தான். வாய் வரை வந்தது. 'நானா முதல்ல பேசணும்' என்ற ஒரு பாழாய்ப்போன எண்ணம் குறுக்கே நின்றது.

அப்போதுதான் கண்டுபிடித்தான்: அவர் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். வேலையிலிருந்து வந்ததும் கொல்லையில், மதில் ஓரத்து மண் தரையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய கதை முழுவதையும் கோழியிடம் கொட்டுகிறார்.

மெக்கானிக் சமையலறை ஜன்னலுக்குள் நின்று காதைக் கொடுத்தான். பாதிதான் கேட்டது. "அந்தப் பெரிய டாக்டர் இருக்காரே மேனேஜர், அவர் நம்பருக்கு அவரே போன் போட்டுட்டு, எப்பப் பாத்தாலும் பிஸியா இருக்குன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா..." அதற்கு மேல் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. என்ன சொன்னாள்? என்னதான் சொன்னாள்? சாப்பிடும்போதும் மெக்கானிக்குக்கு அதே யோசனை.

மறுநாள் ஒரு வேலை செய்தான். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், ஒரு கைப்பிடி மக்காச்சோளத்தை இறைத்தான். மேனேஜர் ஓடி வந்தது. மேனேஜர் வந்ததால் ஸ்டூலும் வந்தது. ஸ்டூல் வந்ததால் குரலும் வந்தது. தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்று, முழுக் கதையையும் கேட்டான். சிரிப்பு வந்தபோது துண்டைக் கடித்துக்கொண்டான். நடுநடுவே, "உங்கப்பாவுக்கு எங்க இதெல்லாம் புரியப்போகுது, வாயைத் திறந்தா போதும் வம்பு," என்று அவனுக்கும் பங்கு கிடைத்தது. அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். திட்டாவது நமக்கு என்று வருகிறதே.

(வாசகர் கேட்கலாம்: கோழி பக்கம் போகாமல், நேரே ஸ்டூலையே ஜன்னலடியில் கொண்டுபோய் வைத்திருக்கலாமே? வைத்திருக்கலாம். 'ஸ்டூல் எப்படி இங்க வந்துது' என்று அவர் யோசிப்பார், இவன் ஆசை வெளியே தெரிந்துவிடும். கோழியை நகர்த்தினால் பழி கோழி மேல்.)

அன்றிலிருந்து தினமும் மக்காச்சோளம். மத்தியானம் ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி. ஆபரேட்டரும் காலையும் மாலையும் வழக்கம்போலத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். அவர் வைத்தது இவனுக்குத் தெரியும். இவன் வைத்தது அவருக்குத் தெரியாது; அவர் ஸ்டூலோடு வருவதற்குள் தரை காலியாகியிருக்கும். 'கோழிக்குப் போட்டாச்சா' என்ற ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்க முடியாது. மேனேஜர் பதவியில் இருப்பவர்கள் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. நாள் முழுக்கச் சிமெண்டில் நின்று, மண் ஒரு வாய், கல் ஒரு வாய் இல்லாமல், காய்ந்த சோளத்தை விழுங்கி விழுங்கித் தண்ணீர் குடித்தது.

4 (மறுபடியும். ஐந்து என்று போட்டால் நகர்ந்துவிட்டதுபோல் இருக்கும். நான் இன்னும் இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.)

ஒரு காலை மேனேஜர் கூட்டை விட்டு வரவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, இறகை உப்பிக்கொண்டு நின்றது. ஆபரேட்டர் குளித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் போய்த் தூக்கினான். கழுத்துக்குக் கீழே பை கல்லுப்போல இருந்தது. அழுத்தினால் உள்ளே தண்ணீர் களக் என்றது. வாய் நாறியது.

கோழி போனால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவனுக்குத் தோன்றவில்லை. இது செத்துவிட்டால் அந்த வீட்டில் அவர் பேச ஆளில்லை. அவர் பேசாவிட்டால் அவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. மிச்ச ஆயுளுக்கும் காலி மெஷினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இங்கே எனக்கும் மெக்கானிக்குக்கும் ஒரு தகராறு.

"அடைப்புன்னா கவுத்துப் பிடிக்கணும் சார்," என்கிறான். "தண்ணி வெளிய வந்துட்டா மத்தது தானா இளகும். இத்தனை வருஷமா இதைத்தான் பண்றேன்."

"அது மெஷின்," என்கிறேன்.

"இதுவும்தான் தண்ணியைக் குடிச்சுட்டு சுத்திச் சுத்தி வருது."

"உன்னை எழுதுறவன் நான். சொன்னாக் கேளு."

"எழுதுறவருக்குக் கோழி வளர்த்துப் பழக்கமா சார்?"

இல்லை. வாயை மூடிக்கொண்டேன். அவன் மேனேஜரைத் தலைகீழாகப் பிடித்தான். மெஷினின் கழிவுநீர் ட்யூபை வடிப்பதுபோல் பையை அழுத்தினான். அழுக்குத் தண்ணீர் வாய் வழியாகக் கொட்டியது, மூக்கு வழியாகவும் கொட்டியது. மேனேஜர் இறக்கையை அடித்துக்கொண்டு, கழுத்தை முறுக்கி, மூச்சுக்குத் திணறியது. ஈரத் தலையோடு ஆபரேட்டர் ஓடி வந்தார்.

"ஐயோ, விடுங்க! விடுங்க அதை! சாகடிச்சிடாதீங்க!"

மெக்கானிக் அப்படியே நிமிர்த்திப் பிடித்தான். கோழி தும்மியது, இருமியது, மூச்சு வாங்கியது. அவர் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மெக்கானிக் நனைந்த கையோடு நின்றான். பயந்துதான் போயிருந்தான். அதே நேரத்தில், வெட்கக்கேடு, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. 'விடுங்க' என்றாளே. என்னைப் பார்த்துத்தானே சொன்னாள்.

ஆபரேட்டருக்கும் அது புரிந்துவிட்டது போல. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மேனேஜர்," என்றார் குரலை இறக்கி, "உங்கப்பாவுக்குத் தலையில ஏதாவது இருக்கான்னு கேளு. கேட்டுட்டு, வண்டியை எடுக்கச் சொல்லு."

5

இப்போது அந்த பெஞ்சுக்கு வந்துவிட்டோம். நான் பூனையோடு உட்கார்ந்திருக்கிறேன். கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே எனக்கு அனுமதி இல்லை. ஆனால் என் கதைதானே, நுழைந்துவிடுகிறேன்.

டாக்டரம்மா மேனேஜரின் பையை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இதுக்குத் தீனி போடறது யாரு?"

"நான்," என்றார் ஆபரேட்டர்.

"நான்," என்றான் மெக்கானிக்.

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லி வெகு காலமாகியிருந்தது.

"ரெண்டு பேருமா? நீங்க போட்டீங்களா, நான் போடலாமான்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கறதில்லையா?"

"கேப்போம் டாக்டர்," என்றான் மெக்கானிக். "இது வழியா."

"எது வழியா?"

அவன் கோழியைக் காட்டினான்.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "சாப்பிட்டியான்னு கோழிகிட்டயே கேட்டா அது என்னங்க சொல்லும்? இல்லன்னுதான் சொல்லும்." அவனைப் பார்த்தார். "நீங்க எங்க வச்சுப் போடறீங்க?"

"சமையக்கட்டு ஜன்னலுக்குக் கீழ. சிமெண்டுத் தரையில."

"மண்ணு இருக்கிற இடத்தை விட்டுட்டு அங்க ஏன் போடறீங்க?"

இதற்கு அவன் சொன்ன பதிலை நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

"'அவ பேசறது அங்க நின்னாதான் எனக்குக் கேக்கும் டாக்டர்,' என்றான் மெக்கானிக். அவன் கண்கள்—"

கண்கள் என்று வந்ததுமே பேனாவைப் போட்டுவிட்டேன். அவன் இதைச் சொல்லவே மாட்டான். எந்த ஆம்பளையும் முன்பின் தெரியாத டாக்டர் முன்னால், டெஸ்டரைச் சட்டையில் குத்திக்கொண்டு, இதைச் சொல்லமாட்டான். அவன் சொன்னது இதுதான்:

"அங்க நல்ல நிழலு டாக்டர்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ஆபரேட்டர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அந்த ஜன்னலடியில் நிழல் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் வெயில் பொசுக்கும் இடம் அது. அவர் அங்கே உட்காரும்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அங்கே இருப்பது ஜன்னல் ஒன்றுதான். ஜன்னலுக்கு உள்ளே யார் நிற்க முடியும் என்று அவருக்குத் தெரியாதா?

பார்த்தார், பிறகு கோழியின் இறகை நீவிவிட்டார்.

"கேளுங்க," என்றார் டாக்டரம்மா. "தலைகீழாப் பிடிக்கற வேலை இனிமே வேண்டாம். தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போனா அங்கயே முடிஞ்சிடும். புளிப்புக்கு ஊசி போடறேன். இன்னிக்கு ஒரு பருக்கைகூடக் குடுக்கக் கூடாது. ரெண்டு சொட்டு எண்ணெய் உள்ள விட்டு, ஒருத்தர் நிமிர்த்திப் பிடிங்க, ஒருத்தர் பையை விரலால மெதுவா நீவி விடுங்க. தனியா ஒரு ஆளால முடியாது. காலையில முதல் வேலையா தொட்டுப் பாருங்க. தட்டையா இருந்தா தப்பிச்சுது. இல்லன்னா கொண்டாங்க, கீறித்தான் எடுக்கணும். இது வயசான கோழி. தாங்கும்னு நான் சொல்லமாட்டேன்."

6

வீட்டுக்கு வந்தார்கள். ஆபரேட்டர் கொல்லையிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்தார். சமையலறைக்குள், தொட்டிக்குப் பக்கத்தில், அவன் ஒளிந்து நிற்கும் அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

(இதை நான் சுட்டிக்காட்டியிருக்கக் கூடாதுதான். நல்ல எழுத்தாளர்கள் ஸ்டூலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். ஆனால் நீங்கள் பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்து, நடத்துநர் வந்து, கவனிக்காமல் விட்டுவிட்டால்? ஸ்டூல் உள்ளே வந்துவிட்டது ஐயா.)

அவர் மடியில் மேனேஜரை நிமிர்த்திப் பிடித்தார். மெக்கானிக் எதிரில் குந்திக்கொண்டு எண்ணெய் விட்டான். விரலை வைத்தான். உள்ளே சோளம் கட்டிகட்டியாக இருந்தது. காலையில் ட்யூபைப்போல் நசுக்கிய அதே கைதான், இப்போது பயந்து பயந்து தடவியது. ஒரு கட்டி இளகினால் அடுத்ததற்குப் போனான்.

பிறகு ஆபரேட்டர் கோழியிடம் சொல்ல ஆரம்பித்தார். "மேனேஜர், அந்தப் பெரிய டாக்டர் நேத்து மறுபடியும் அவர் நம்பருக்கே போட்டாரு. நான், 'சார், அவர் ரொம்ப நேரமா யாரோ வேலையத்தவர்கூடப் பேசிட்டிருக்காரு, வச்சிட்டீங்கன்னா அவரும் வச்சிடுவாரு'ன்னேன்."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

அவர் நிறுத்தினார். அவன் பதறிப்போனான், போச்சு, கெடுத்துவிட்டேன் என்று. அவர் தொடர்ந்தார். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்கப்பா அப்படிச் சொன்னாரே. எங்கண்ணன்கூடச் சிரிச்சான். எனக்கு ரொம்ப வலிச்சுதுன்னு சொல்லு மேனேஜர். நான் பேசறதே தொந்தரவுன்னா, நான் எங்க போய்ப் பேசறது?"

விரல் அப்படியே நின்றது. 'தெரியும்' என்று சொல்ல வேண்டும், 'தப்புதான்' என்று சொல்ல வேண்டும், 'உன் பேச்சு இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியலடி' என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திக்கொண்டு, வழக்கப்படி, "மேனேஜர்..." என்று ஆரம்பித்தான்.

மேனேஜர் தூங்கிவிட்டிருந்தது.

கண் மூடிய கோழியிடம் சொல்லி அனுப்புவது எப்படி? அவனுக்குத் தெரியவில்லை. நேரே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை, முட்டாள். ஆபரேட்டர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, கோழியைக் கூடையில் படுக்கவைத்து எழுந்து போனார். ஸ்டூல் மட்டும் அங்கேயே கிடந்தது.

7

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் பூனையின் வால் ஆறிவிட்டது, நிஜக் கோழி என்ன ஆயிற்று? பிழைத்ததா? கற்பனை செய்துகொள்ளலாம்தான். ஆனாலும் தெரிந்தால் தேவலை. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி எது என்று ஊகித்து, போனைப் போட்டேன்.

"வணக்கம், எந்த வார்டுங்க?"

அதே குரல். எனக்கு வியர்த்துவிட்டது. என்னவென்று கேட்பது? உங்கள் குடும்பத்தை வைத்துக் கதை எழுதுகிறேன், கோழி இருக்கிறதா போய்விட்டதா என்றா?

"அது வந்து... மேனேஜர் எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காரு. லைன்ல இருங்க, தர்றேன்."

நான் தடுப்பதற்குள் கொடுத்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக மேனேஜரிடம் கால் மணி நேரம் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றிப் புகார் சொல்லும்படி ஆகிவிட்டது. என் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

8

ஆகவே முடிவு என் தலையில்.

முடிவு, முதல் வகை: காலையில் பை தட்டையாக இருக்கிறது. மேனேஜர் துள்ளி எழுந்து கொக்கரிக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தூதர் குணமாகிவிட்டார். "உங்கப்பாகிட்ட சொல்லு" நாளையிலிருந்து மறுபடி ஆரம்பம். கோழி நன்றாக இருக்கிற வரைக்கும் இவர்கள் இன்னும் ஐந்து வருஷம்கூட இப்படியே ஓட்டுவா—

இரண்டாம் வகை: மேனேஜர் செத்துப்போகிறது. இருவரும் கட்டிக்கொண்டு அழு— இல்லை. ஒரு கோழியைக் கொன்று ஒரு கல்யாணத்தை ஒட்டவைப்பதா? என் பூனை என்னை மன்னிக்காது.

மூன்றாம் வகை: கோழி பேசி— சீ.

எனக்கு முடிக்கத் தெரியவில்லை. அதனால் காலை வரை கொண்டுவந்து உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

விடிந்துவிட்டது. சமையலறையில் மெக்கானிக் கூடைக்கு முன்னால் குந்தியிருக்கிறான். மேனேஜர் கண்ணைத் திறந்து தலையைச் சாய்த்து அவனைப் பார்க்கிறது. துண்டை விலக்கி, இறகுக்கு அடியில் விரலை விட்டு, பையைத் தொடுகிறான்.

அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. நமக்குத்தான் தெரியாது, அவன் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

பின்னால் வாசற்படியில் ஆபரேட்டர் வந்து நிற்கிறார். வேலைக்குக் கிளம்பிய சேலை, தோளில் பை. உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, "எப்படி இருக்கு?" என்கிறார்.

கவனியுங்கள். கோழியைப் பற்றிக் கோழியிடம் கேட்டு அனுப்ப முடியாது. டாக்டரம்மாகூட அதைத்தான் சொன்னார். அந்தக் கேள்வி அவனுக்குத்தான். அவர் முதலில் பேசிவிட்டார். அவனைப் பார்த்து, பதறாமல், திட்டாமல், ஒரு கேள்வி கேட்டுவிட்டார். இத்தனை நாள் அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் தேவையே இல்லை போலிருக்கிறது. பை எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். தட்டையாக இருந்தாலும் சரி, உருண்டையாக இருந்தாலும் சரி, அது உங்கள் இஷ்டம், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். இந்த மடையன் வாயைத் திறக்கும்போது 'மேனேஜர்' என்று ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோ, திரும்புகிறான். சீக்கிரம் ஏதாவது சொல்ல வையுங்கள். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஆனாலும் ஒரு எட்டு உள்ளே வந்து, பையைத் தோளிலிருந்து இறக்கி ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.